பெற்றோலில் எத்தனோல்: நம்ம வண்டிக்கு நல்லதா, கெட்டதா?



இறம்பொடைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தபோது, ஆட்டோ நிற்பாட்டும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டோக்காரத் தம்பிக்கு கூடலூரிலிருந்து மாமா மகன் போன் பண்ணியிருக்கிறார். பேசி முடித்துவிட்டு தம்பி சொன்னார்: "இந்தியாவுல பெற்றோலுக்கு சாராயம் கலக்குறாங்களாம். மச்சானோட பைக் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குதாம்."

கடையில் இருந்த ஒரு பெரியவர் உடனே, "அப்ப எனக்கும் ஒரு போத்தல் பிடிச்சு அனுப்பச் சொல்லுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தம்பி சிரிக்கவில்லை. "நம்ம ஆட்டோவும் இந்தியாவுல செஞ்சதுதானே? நாளைக்கு இங்கயும் கலந்தா என்னா ஆகும்? இன்னும் லீசிங் கட்டி முடியல" என்றார்.

நியாயமான கேள்வி. ஆட்டோ என்பது தோட்டத்தில் வெறும் வண்டி இல்லை. மேல் டிவிசனில் நடு இராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால், ஒரு தாய்க்கு வலி வந்தால், 1990க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன்னால் லயத்து வாசலுக்கு வருவது அந்த ஆட்டோதான். ஆகவே பெற்றோலில் கலக்கும் இந்த எத்தனோல் என்ன சாமான், அதனால் வண்டிக்கு என்ன ஆகும் என்பதை இந்தத் தடவை கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

எத்தனோல் என்றால் என்ன?

கள்ளிலும் சாராயத்திலும் வெறியைத் தருவது எதுவோ, அதுதான் எத்தனோல். இனிப்போ மாவோ உள்ள எதையும் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்தால் இது கிடைக்கும். கரும்புச் சாறு, சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகு, சோளம், குறுணல் அரிசி ஆகியவற்றிலிருந்து பெரிய ஆலைகளில் வடிக்கிறார்கள். வண்டிக்குப் போகும் எத்தனோலில் தண்ணீர் அநேகமாக முழுவதும் நீக்கப்பட்டிருக்கும்.

நூறு லீற்றரில் 10 லீற்றர் எத்தனோல், 90 லீற்றர் பெற்றோல் என்றால் அதை 'ஈ-10' என்கிறார்கள். 20 லீற்றர் எத்தனோல் என்றால் 'ஈ-20'. எழுத்துக்குப் பின்னால் வரும் எண்தான் எத்தனோலின் பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஏன் கலக்கிறார்கள்?

முதல் காரணம் காசு. எண்ணெய்க் கிணறு இல்லாத நாடுகள் டொலர் கொடுத்து எண்ணெய் வாங்க வேண்டும். டொலர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2022இல் பெற்றோல் செட்டில் நாட்கணக்காக வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. சொந்த நாட்டுக் கரும்பிலிருந்து கொஞ்சம் எரிபொருள் எடுக்க முடிந்தால் அவ்வளவுக்கு டொலர் மிச்சம் என்பதுதான் கணக்கு.

இரண்டாவது காரணம், எத்தனோலின் ஒக்டேன் அளவு பெற்றோலை விடக் கூட. ஒக்டேன் குறைந்த பெற்றோலை ஊற்றி மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'டக் டக்' என்று தட்டும். அந்தத் தட்டலை எத்தனோல் குறைக்கும். முன்பு இதற்காகத்தான் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்பதால் அது உலகமெங்கும் நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் 2002இல் நின்றது.

மூன்றாவது காரணம் புகை. கரும்பும் சோளமும் வளரும்போது காற்றிலிருந்து எடுக்கும் கரியமில வாயுவே, எத்தனோல் எரியும்போது திரும்பக் காற்றுக்குப் போகிறது. அதனால் பூமி சூடாவது குறையும் என்கிறார்கள். ஆனால் சாப்பிடும் தானியத்தையும், பயிருக்குப் போகும் தண்ணீரையும் வண்டிக்குக் கொடுப்பதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் தள்ளிவிடக்கூடியது அல்ல.

இந்தியாவில் நடந்தது

பிரேசில் நாடு 1975 முதல் கரும்பு எத்தனோலைப் பெரிய அளவில் வண்டிகளுக்குக் கொடுத்துவருகிறது. 2025 ஆகஸ்டில் அங்கு பெற்றோலில் கலக்கும் அளவு 30 வீதமானது. ஆனால் அங்கு எத்தனோலுக்கு ஏற்ற வண்டிகளையே பல வருடங்களாகச் செய்து வருகிறார்கள்.

இந்தியாவில் 2003இல் 5 வீதம் என்று சில மாநிலங்களில் தொடங்கினார்கள். பல வருடம் அது மெதுவாகவே நடந்தது. 2022 ஜூனில் 10 வீதத்தைத் தொட்டார்கள். 2023 பெப்ரவரியில் ஈ-20 பெற்றோல் விற்பனைக்கு வந்தது. 2030இல் எட்ட வேண்டும் என்று வைத்திருந்த 20 வீதத்தை 2025இலேயே எட்டிவிட்டார்கள்.

வேகமாக வந்ததால்தான் சிக்கலும் வந்தது. இந்தியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த வண்டிகளின் இறப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் ஈ-20ஐத் தாங்கக்கூடியவை. அதற்கு முன் வாங்கிய கோடிக்கணக்கான வண்டிகள் அப்படி இல்லை. ஆனால் சாதாரண பெற்றோல் கேட்டால் எல்லோருக்கும் ஈ-20தான் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் இது பெரிய பேச்சாகிவிட்டது. பயம் தேவையில்லை, ஓடும் தூரம் கொஞ்சம்தான் குறையும் என்று அரசாங்கம் சொன்னது. எத்தனோல் கலக்காத பெற்றோலும் வேண்டும் என்று கேட்டுப் போட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1ஆம் திகதி அங்குள்ள உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1964 ஒப்பந்தத்தில் நம்மைப் பிரிந்து நீலகிரிக்குப் போன சொந்தங்கள் அந்தப் பெற்றோலைத்தான் ஊற்றுகிறார்கள். மாமா மகனின் போன் கதை இங்கிருந்துதான் வந்தது.

நம் நாட்டில் எப்படி?

இலங்கையில் பெற்றோல் செட்டுகளில் முக்கியமாக 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்று விற்கிறார்கள். இந்தியாவைப் போல 20 வீதம் எத்தனோல் கலக்க வேண்டும் என்ற கட்டளை இங்கே வரவில்லை. பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகளில் பாகிலிருந்து எத்தனோல் வடிக்கிறார்கள். அது முக்கியமாக மதுபானத் தொழிலுக்குப் போகிறது. 2020இல் கொரோனா வந்தபோது கை கழுவும் திரவம் செய்யவும் போனது.

ஆகவே இன்றைக்கு வண்டி மக்கர் பண்ணினால், "எத்தனோல்தான் காரணம்" என்று முடிவுகட்ட வேண்டாம். பிளக், பில்டர், காற்றுவடி, பழைய பெற்றோல் என்று பார்க்க வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன.

ஆனால் ஒன்றை நாம் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் திரும்ப விட்டார்கள். அதனால் நம் ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் பழைய வண்டிகள். பதிவான முச்சக்கர வண்டிகள் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல். நாளைக்கு இங்கேயும் கலக்க நினைத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தப் பழைய வண்டிகளைப் பற்றித்தான்.

வண்டிக்கு என்ன ஆகும்?

1. ஓடும் தூரம் குறையும். ஒரு லீற்றர் எத்தனோலில் இருக்கும் சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஈ-20 ஊற்றினால், அதற்கென்று செய்யாத மோட்டார் சைக்கிள்களில் 3 முதல் 4 வீதமும், கார்களில் 6 முதல் 7 வீதமும் குறையலாம் என்று இந்திய அரசாங்கத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்லியிருந்தது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் பைக் 48 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் தெரியாது. வாடகைக்கு ஓடுபவருக்கு மாதக் கடைசியில் தெரியும்.

2. பழைய இறப்பர் கெட்டுப்போகும். எத்தனோலுக்காகச் செய்யாத இறப்பர் குழாய், வாசர் போன்றவை ஊதிப் பெருத்து, அல்லது காய்ந்து வெடித்து, பெற்றோல் கசியத் தொடங்கும். ஈ-10இல் இது குறைவு. ஈ-20இல் கூட. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெற்றோல் கசிந்தால் அது வண்டிச் செலவு மட்டும் அல்ல, உயிர் ஆபத்து.

3. பழைய அழுக்கு கிளம்பும். தாங்கிக்குள் பல வருடமாகப் படிந்த கசடை எத்தனோல் கரைத்துக் கொண்டுவரும். முதல் சில தடவைகளில் பில்டரும் காபரேட்டரும் அடைபடலாம். இது எத்தனோல் கொண்டுவந்த அழுக்கல்ல. உள்ளே இருந்ததுதான் வெளியே வருகிறது.

4. காபரேட்டர் வண்டி கொஞ்சம் கஷ்டப்படும். எத்தனோலுக்குள்ளேயே ஒட்சிசன் இருக்கிறது. அதனால் எஞ்சினுக்குப் போகும் கலவை நீர்த்துவிடும். புதிய இன்ஜெக்சன் வண்டிகள் பலவற்றில் இதை அறிந்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும் கருவி இருக்கிறது. காபரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கும்.

மலைநாட்டுக்கு முக்கியமானது தண்ணீர்

எத்தனோல் கலந்த பெற்றோலில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது தண்ணீர். பெற்றோலும் தண்ணீரும் சேராது. சாதாரண பெற்றோலில் தண்ணீர் போனால் அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனோலோ தண்ணீரை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் இது நல்லதும்கூட, ஏனென்றால் அது பெற்றோலோடு சேர்ந்து எரிந்து போய்விடும்.

அளவு மீறினால்தான் வினை. ஈ-10 பெற்றோல் 10 லீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் தண்ணீரைத்தான் தாங்கும். அதாவது அரைப் பிளேன்டீ கப். அதற்கு மேல் போனால், எத்தனோலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து தாங்கியின் அடிக்கு இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெற்றோல் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான். அது எரியாத இந்தக் கலவையை உறிஞ்சும். வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

குளிர் கூடக்கூட இந்தப் பிரிவு சீக்கிரம் நடக்கும். புசல்லாவையிலிருந்து இறம்பொடை ஏறி, லபுக்கலை தாண்டி நுவரெலியா போகிறவர்களுக்கு நம் பக்கத்துப் பனியும் மழையும் எப்படிப்பட்டவை என்று தெரியும். பாதித் தாங்கியோடு இரவெல்லாம் மழையில் நிற்கும் வண்டி, மூடியின் இறப்பர் தேய்ந்த வண்டி, மாதக்கணக்காக ஓடாமல் கிடக்கும் வண்டி ஆகிய மூன்றுக்கும்தான் முதலில் ஆபத்து.

மண்ணெண்ணெய் வேறு, எத்தனோல் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைத்து, "அதுவும் கலப்படம், இதுவும் கலப்படம்" என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. எத்தனோல் அளவு வைத்து, சட்டப்படி, ஆலையில் செய்து கலப்பது. மண்ணெண்ணெய் காசு மிச்சம் பிடிக்கத் திருட்டுத்தனமாகக் கலப்பது. மண்ணெண்ணெய் ஒக்டேனைக் குறைத்து எஞ்சினைத் தட்டவைக்கும், புகை கக்கவைக்கும். வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெயையோ, ஸ்பிரிட்டையோ நாமே பெற்றோலில் ஊற்றிப் பார்ப்பது வண்டிக்கு நாமே வைக்கும் வேட்டு.

பகிடிக்குக்கூடக் குடிக்க வேண்டாம்

கடையில் அந்தப் பெரியவர் சொன்னது பகிடிதான். ஆனால் "அதுவும் சாராயம்தானே" என்று நினைக்க ஒருவராவது இருப்பார் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிற்சாலைக்கும் வண்டிக்கும் போகும் ஸ்பிரிட்டைக் குடிக்க முடியாதபடி வேறு இரசாயனங்கள் சேர்ப்பார்கள். எத்தனோலின் உறவுக்காரனான மெத்தனோல் இன்னும் மோசம். பார்வைக்கும் மணத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் அநேகர் நம்மைப் போல நாட்கூலிக்கு உழைத்தவர்கள். தாய்மாரே, அக்காமாரே, இதை வீட்டில் உரத்துச் சொல்லுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

எத்தனோல் வந்தாலும் வராவிட்டாலும் கீழே சொல்பவை எல்லா வண்டிக்கும் நல்லது.

• வண்டியோடு வந்த கைநூலைப் பாருங்கள். எந்தப் பெற்றோல், எத்தனை வீத எத்தனோல் வரை ஊற்றலாம் என்று அதில் இருக்கும். பல வண்டிகளில் தாங்கி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டியும் இருக்கும். இங்கிலிஸ் விளங்காவிட்டால் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

• தாங்கி மூடியின் இறப்பரைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சின்னச் செலவுதான்.

• வண்டியைக் கூரைக்குக் கீழே நிற்பாட்டுங்கள். முடியாவிட்டால் படங்கு போட்டு மூடுங்கள்.

• வண்டியைச் சில வாரம் ஓட்டாமல் வைப்பதென்றால் தாங்கியை நிரப்பி வையுங்கள். வெற்றிடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும். காபரேட்டரில் உள்ள பெற்றோலை மெக்கானிக் பாஸிடம் சொல்லி வடித்துவிடுங்கள்.

• சேர்விஸ் செய்யும்போது பெற்றோல் குழாயை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும்.

• பெற்றோலை சோடா போத்தலில் ஊற்றி லயக் காம்பராவில் வைக்காதீர்கள். 2022இல் தட்டுப்பாட்டால் பலர் அப்படி வைத்தோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம். பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே போய்விடும். பெற்றோல் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்து பரவும். மணலைப் போடுங்கள்.

பெற்றோலில் எத்தனோல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழியும் உண்டு. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 பங்கு தண்ணீர், 90 பங்கு பெற்றோல் ஊற்றிக் குலுக்கி வைக்க வேண்டும். எத்தனோல் இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் அதே 10இல் நிற்கும். இருந்தால் எத்தனோல் தண்ணீரோடு போய்ச் சேர்ந்து, அடி மட்டம் 10க்கு மேலே ஏறும். இதை வீட்டில் செய்ய வேண்டாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் சொன்னால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்து காட்டுவார். பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று

இங்கிலாந்தில் இருக்கும் நம் தமிழர்களும் 2021 செப்டம்பர் முதல் ஈ-10தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அங்கு பழைய வண்டிக்காரர்களுக்காக ஈ-5 பெற்றோலையும், விலை கூடினாலும், வைத்திருக்கிறார்கள். பம்பில் எது எது என்று எழுதியும் இருக்கிறது. இந்தியாவில் மக்கள் கோபப்பட்டது எத்தனோல் வந்ததற்காக மட்டும் அல்ல. கேட்காமல் வந்தது, வேறு வழி இல்லாமல் வந்தது என்பதற்காகவும்தான்.

நம் நாட்டிலும் ஒரு நாள் இந்தப் பேச்சு வரலாம். வந்தால் நாம் கேட்க வேண்டியது மூன்று. பம்பில் எத்தனை வீதம் என்று தமிழிலும் எழுதியிருக்க வேண்டும். பழைய வண்டிக்கு ஏற்ற பெற்றோலும் கிடைக்க வேண்டும். ஓடும் தூரம் குறைந்தால் விலையும் அதற்கேற்றபடி குறைய வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு, தான் என்ன வாங்குகிறோம் என்று அறியும் உரிமை உண்டு. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். எழுந்துபோய் ஆட்டோவின் தாங்கி மூடியைத் திறந்து இறப்பரைத் தடவிப் பார்த்தார். "இது தேஞ்சுதான் போயிருக்கு. நாளைக்கே மாத்திடுறேன்" என்றார். நீங்களும் இன்றைக்கே உங்கள் வண்டியைப் போய்ப் பாருங்கள்.